வடக்கு மூலைப் பலகை

"பயம் போகலைங்கம்மா" என்றான் நஞ்சப்பன்.

இதை அவன் சொல்வது நாலாவது தடவை. மடத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அம்மா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எங்கண்ணா இருக்குது, அந்தப் பயம்?"

"காலுலீங்க."

அம்மா நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தாள். பித்தவெடிப்பு இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கோத்தகிரிக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மணி நடந்தால் அந்த மடம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிப் போட்டுவிட்டுப் போன மரவீடு. கீழே கூடமும் சமையலறையும். மேலே நாலு அறை, ஒரு குளியலறை. மாடித் தரை முழுக்கப் பலகை. எட்டுப் பேர் இருந்தார்கள்.

மடத்தை நடத்துகிற அம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ரங்கநாயகி. வயது நாற்பது. நஞ்சப்பனுக்கு ஐம்பத்திரண்டு. அவள் அவனை அண்ணா என்பாள், அவன் அவளை அம்மா என்பான். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

மடத்தில் நஞ்சப்பனுக்கு நல்ல பெயர். சும்மா இல்லை, பெரிய பெயர். மாடியில் வெந்நீர் இருக்கும்போது, அந்த மனுஷன் வெளியே குழாயடிக் கல்லில் நின்று பனித்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வான். பல் கிடுகிடுக்கும், உதடு நீலமாகும். "தபசுன்னா இதுதான் தபசு" என்று சமையல் பார்க்கும் மணியக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தபசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாடிக் குளியலறையில் கால் வைக்க அவனுக்குப் பயம். அவ்வளவுதான்.

"அண்ணா, நீங்க என்ன வேலை பாத்துட்டிருந்தீங்க?" என்றாள் அம்மா.

நஞ்சப்பன் முறத்திலிருந்து ஒரு பீன்ஸை எடுத்தான்.

"டைல்ஸ் மேஸ்திரின்னு கேள்விப்பட்டேன்."

"விட்டு ரெண்டு வருசமாச்சுங்க."

"கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் எட்டுப் பெட்டி டைல்ஸ் அனுப்பியிருக்காரு. சிமெண்ட் பலகை, பசை, ஸ்க்ரூ எல்லாம் சேத்து. மாடிக் குளியலறை ஒழுகுது. தரையைச் சரி பண்ணி ஒட்டிருங்க."

நஞ்சப்பன் பீன்ஸைத் திரும்ப முறத்தில் போட்டான்.

"அம்மா, பயம் போறதுக்கு வழி கேட்டேனுங்க."

"நானும் அதுக்குத்தான் சொல்றேன்."

"மரத்தரைங்கம்மா. மரத்தரை மேல நான் இனி பூச்சுக்கரண்டி வைக்க மாட்டேனுங்க."

"ஏன்?"

அவன் சொன்னான். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

குன்னூரில் ஒரு லாட்ஜ். மேல்மாடிக் குளியலறை, மரத்தரை. சீசன் தொடங்க எட்டு நாள்தான் இருந்தது. பழைய விரிப்பைக் கிழித்ததும் ஒரு மூலையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தான். இது அவன் வேலையில் எல்லாரும் செய்வது. மரம் குதிகாலுக்குப் பதில் சொல்லும். நல்ல மரம் 'டங்' என்னும். அந்த மூலை ஒன்றுமே சொல்லவில்லை, லேசாக அமுங்கியது.

பலகையைப் பெயர்த்து அடியில் தாங்குகிற மரச்சட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் பத்து நாள் வேலை. பார்க்கவில்லை. மேலே பிளைவுட்டை அறைந்து, பசையைத் தடவி, டைல்ஸை ஒட்டிவிட்டான். கண்ணாடி மாதிரி இருந்தது. முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தார்.

ஆறு மாதம் தாங்கியது. ஒருநாள் காலை, தெய்வானை என்று ஒரு பெண், அறை கூட்டுகிறவள், குளியலறையைக் கழுவப் போனாள். டைல்ஸும் அவளும் ஒன்றாகக் கீழே போனார்கள்.

"உசுருக்கு ஒண்ணுமில்லைங்க. இடுப்பெலும்பு. இப்பவும் சாஞ்சு சாஞ்சுதான் நடக்குது."

"உங்களை யாரும் கேக்கலையா?"

"மழையில ஊறிப்போச்சுன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. ஒருத்தரும் கேக்கலைங்க." அவன் தன் காலைப் பார்த்தான். "கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்குக் காலைல ஆரம்பிச்சுருங்க" என்றாள்.

கதை கேட்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நஞ்சப்பன் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

அந்த லாட்ஜில் மீந்த பிளைவுட்டை அவன் வீணாக்கவில்லை. அடுத்த வாரமே கோத்தகிரியில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடிக் குளியலறையில் அதைப் போட்டான். அங்கேயும் மரத்தரை. அங்கேயும் ஒரு மூலை அமுங்கியது. அங்கேயும் மூடிவிட்டான்.

லாட்ஜுத் தரை விழுந்துவிட்டது. டீச்சர் வீட்டுத் தரை விழவில்லை. இன்னும் விழவில்லை. அந்த வீட்டில் டீச்சர், டீச்சரின் வயசான அப்பா, இரண்டு பேர் தினமும் அதில்தான் குளிக்கிறார்கள்.

இதுதான் அவன் காலில் இருந்த பயம். இதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாடி ஏறினான். குளியலறை வாசலில் கால் மணி நேரம் நின்றான். பிறகு உள்ளே போனான்.

கை மறக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி எடுத்தான். ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினான். ஆடுகிற ஆணிகளைப் பிடுங்கினான். ஒரு டம்ளரில் தளும்பத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, சுற்றி நடந்தான். தரை ஆடினால் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும்.

வாசல் பக்கம் வைத்தான். தண்ணீர் அசையவில்லை.

நடுவில் வைத்தான். அசையவில்லை.

வடக்கு மூலையில், தண்ணீர் வெளியே போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். ஓர் எட்டு எடுத்து வைத்தான்.

டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. விளிம்பைத் தாண்டி வழிந்தது.

நஞ்சப்பன் மண்டிபோட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகை இடுக்கில் விட்டுக் குத்தினான். அடியில் இருந்த சட்டத்துக்குள் அது கைப்பிடிவரை போயிற்று. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே இழுத்தால் நுனியில் கறுப்பாக ஈரத்தூள்.

"ஐயோ சாமி" என்றான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சட்டத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. லாட்ஜிலும் இதே நாற்றம்தான். டீச்சர் வீட்டிலும் இதேதான்.

பெயர்த்துப் பார்க்க வேண்டும். கடப்பாரை பக்கத்திலேயே கிடந்தது. கை போகவில்லை. பெயர்த்தால் அந்தக் கறுப்பைப் பார்க்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, பார்க்காமல் விட்ட அந்த இன்னொன்றை எப்படி மறப்பது?

பத்து மணிக்கு டீ குடிக்கக் கீழே வந்தான். வந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மா கூடத்தில் தன் பாயை இடம் மாற்றிப் போட்டிருந்தாள். இவ்வளவு நாளும் ஜன்னல் ஓரம் உட்காருகிறவள், இன்று வடக்கு மூலையில் உட்கார்ந்திருந்தாள். குளியலறையின் வடக்கு மூலைக்கு நேர் கீழே.

"அம்மா, அங்க ஏனுங்க உக்காந்திருக்கீங்க?"

"காத்து வரலை. இங்க நல்லாயிருக்குது."

"தூசி விழுமுங்க. ஜன்னலுக்கே போயிருங்கம்மா."

"விழுந்தா விழட்டும். நீங்க போய் வேலையைப் பாருங்கண்ணா."

"அம்மா..."

"என்ன?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நஞ்சப்பன் டீயைக் குடித்துவிட்டு மாடி ஏறினான்.

அன்றைக்கு மத்தியானம் அவன் செய்ததை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. சிமெண்ட் பலகையை அளந்து வெட்டினான். சுவரை ஒட்டாமல் விரல் அகலம் இடைவெளி விட்டான். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். ஜாண் இடைவெளிக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கினான். எல்லாம் முறைப்படி. வடக்கு மூலைக்கு வந்ததும் ஒரு துண்டுப் பலகையைக் கூடுதலாகப் போட்டு, அதன் மேலேயும் முடுக்கினான்.

"தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "இது சிமெண்ட் பலகை. பிளைவுட் இல்லை. தாங்கும்."

ஒவ்வொரு ஸ்க்ரூ முடுக்கும்போதும் கீழே யார் இருக்கிறார்கள் என்று நினைவு வந்தது. வேர்த்துக் கொட்டியது. மலையில், மார்கழிக் குளிரில், வேர்த்துக் கொட்டியது.

இரண்டாம் நாளும் அம்மா அதே மூலையில்தான். மூன்றாம் நாளும் அதே மூலை. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நஞ்சப்பன் மேலே பூனை மாதிரி நடந்தான். சுத்தியலைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னங்கண்ணா, வேலை நடக்குதா தூங்கறீங்களா? சத்தமே காணோம்" என்று மணியக்கா கீழேயிருந்து கத்தினாள்.

நாலாம் நாள் காலையில் அவன் வந்து சொன்னான். "தரை தயாருங்கம்மா. நாளைக்கு டைல்ஸ் ஒட்ட ஆரம்பிச்சுருவேன்."

"நல்லாயிருக்குதா?"

"இருக்குதுங்க."

"எல்லா மூலையும்?"

"இருக்குதுங்கம்மா."

அம்மா எழுந்தாள். சமையலறைக்குப் போய் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் துண்டு.

"எங்கம்மா போறீங்க?"

"குளிக்க."

"இன்னும் டைல்ஸே ஒட்டலைங்களே!"

"டைல்ஸா தாங்குது? அடியில இருக்கறதுதான தாங்கோணும்?" என்றாள் அம்மா. "நீங்க என் பாயில உக்காருங்க. ஒழுகுதான்னு அண்ணாந்து பாருங்க."

படியேறிப் போய்விட்டாள். ஒவ்வொரு படியிலும் வாளித் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது.

நஞ்சப்பன் பாயில் உட்கார்ந்தான்.

பாய் ஓரத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தட்டு இருந்தது. அதில் தூள், காப்பிப் பொடி நிறத்தில். மூன்று குட்டிக் குவியலாக, விரலால் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று நாள், நாளுக்கு ஒரு குவியல்.

உளுத்த மரத்தூள்.

நஞ்சப்பன் மேலே பார்த்தான். கூரைப் பலகை இடுக்கிலிருந்து அவன் நெற்றியில் ஒரு துளித் தூள் விழுந்தது.

மேலே அம்மாவின் காலடி. ஒன்று.

அவனுக்கு அந்தக் குளியலறை மனப்பாடம். வாசலிலிருந்து வடக்கு மூலைக்கு நாலு எட்டு.

இரண்டு.

வாளி வேறு. ஆளும் வாளியுமாக எவ்வளவு கனம்! தெய்வானை கையில் ஒரு துடைப்பம் மட்டும்தான் இருந்தது.

மூன்று.

"அம்மா! நில்லுங்க!" அது அவன் குரல் மாதிரியே இல்லை. "போகாதீங்க! அந்த மூலைக்குப் போகாதீங்க! உளுத்துக் கெடக்குது! நான் பாத்தேன், பாத்துட்டு மூடிட்டேன்! பாவி நான், மறுபடியும் மூடிட்டேன்!"

மேலே சத்தமே இல்லை.

"அம்மா! அசையாதீங்கம்மா! அங்கயும் இப்படித்தான் மூடினேன்! டீச்சர் வீட்டுலயும் இப்படித்தான் இருக்குது! அவங்க இன்னும் அதுல குளிக்கறாங்கம்மா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

மணியக்கா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

படியில் காலடி கேட்டது. அம்மா இறங்கி வந்தாள். வாளி இல்லை. துண்டு நனையவில்லை.

"நீங்க... மூணு எட்டு வெச்சீங்களே, கேட்டேனே" என்றான் நஞ்சப்பன்.

"வெளி நடைல வெச்சேன். வாசப்படியைத் தாண்டலை. எனக்கென்ன பைத்தியமா?"

அவன் தலையிலடித்துக்கொண்டு அழுதான். பெரிய ஆள் அழுவது பார்க்கச் சகிக்காது. மணியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா திருப்பிக்கொள்ளவில்லை.

"எந்த டீச்சர்?" என்றாள்.

சொன்னான். இந்த முறை முழுசாகச் சொன்னான்.

"நம்பர் இருக்குதா?"

"ரெண்டு வருசமா மனப்பாடமுங்க. பத்துத் தடவை அடிச்சேன். மணி அடிக்கறதுக்கு முன்னால நிறுத்திப் போடுவேன்."

மடத்தில் ஒரே ஒரு செல்போன். சிக்னல் கிடைப்பது கூடத்து ஜன்னல் கட்டையில் மட்டும்தான். அம்மா அதைக் கையால் காட்டினாள்.

"போலீசுக்குப் போவாங்கம்மா."

"போகலாம்."

"அடிப்பாங்க."

"அடிக்கலாம்."

"எனக்குக் கையே வரலைங்கம்மா."

"இப்ப மணி என்ன, மணியக்கா?" என்றாள் அம்மா.

"ஏழரைங்க."

"டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பற நேரம்" என்றாள் அம்மா. வேறெதுவும் சொல்லவில்லை.

நஞ்சப்பன் ஜன்னலுக்கு ஓடினான். நம்பரை இரண்டு தடவை தப்பாக அடித்தான். மூன்றாவது தடவை மணி போயிற்று.

"ஹலோ, யாருங்க?"

"டீச்சர்..." நஞ்சப்பன் போனைக் காதோடு அழுத்தினான். "டீச்சர், உங்க மாடிக் குளியலறைல இப்ப யாராச்சும் இருக்காங்களா?"

"என்னது? யார் பேசறது?"

"சொல்றேனுங்க, எல்லாம் சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க. உள்ள யாருங்க இருக்காங்க?"

"அப்பா குளிச்சிட்டிருக்காரு. நீங்க யாருன்னு கேக்கறேன்ல?"

நஞ்சப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கூப்பிடுங்க. இப்பவே கூப்பிடுங்க. தண்ணி ஊத்தற மூலையை விட்டு, வாசப்பக்கச் சுவத்தை ஒட்டி மெதுவா வரச் சொல்லுங்க. நீங்க உள்ள போயிராதீங்க. வாசல்லயே நின்னு கூப்பிடுங்க, தாயி. உங்க கால்ல விழறேன்."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று டீச்சருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போனை வைக்காமலே நடக்கிற சத்தம் கேட்டது. "அப்பா, அப்பா" என்று கதவைத் தட்டுகிற சத்தம்.

கூடத்தில் மூன்று பேரும் அசையவில்லை. மணியக்காவின் கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது.

போனில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தத் தரையில் கிழவரோடு கூடவே அவனும் நடந்தான். ஒரு எட்டு. சுவரைப் பிடித்து இன்னொரு எட்டு.

தாழ்ப்பாள் திறந்தது.

"சோப்பைக் கூடக் கழுவலை! என்ன எழவு அவசரம் இது?" என்று ஒரு கிழட்டுக் குரல் சலித்துக்கொண்டது.

நஞ்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். போன் மட்டும் காதில் இருந்தது.

"நான் நஞ்சப்பனுங்க டீச்சர். உங்க வீட்டுல டைல்ஸ் ஒட்டினவன்" என்றான். பிறகு மற்றதையும் சொன்னான். அமுங்கிய மூலை, மீந்த பிளைவுட், குன்னூர் லாட்ஜ்.

டீச்சர் கத்தினது கூடம் முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதைவிட்டு நகர்த்தவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாங்க", "ஆமாங்க" என்றான்.

"அந்தக் கதவைப் பூட்டிருங்க டீச்சர். நான் இன்னிக்கே வர்றேன். போலீசைக் கூப்பிட்டு வெச்சிருந்தாலும் சரி. வந்து பேத்துப் போடறேன். நல்ல சட்டம் வெச்சுத் தர்றேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அம்மா மாடிக்குப் போய் அவன் சாமான் பையையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கடப்பாரையை அவன் முன்னால் வைத்தாள்.

"எட்டேகாலுக்கு ஒரு பஸ்ஸு. இப்ப நடந்தாப் பிடிச்சிரலாம்" என்றாள்.

"நம்ம குளியலறைங்கம்மா? மேல இப்படியே..."

"கதவைச் சாத்திட்டேன். நீங்க வர்ற வரைக்கும் இந்த மூணு நாள் மாதிரியே உங்க கல்லுல குளிச்சுக்கறோம்."

"இன்னும் அந்தப் பனித்தண்ணியிலயா?" என்று மணியக்கா அலறினாள்.

நஞ்சப்பன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். பையைத் தோளில் மாட்டினான்.

"கோத்தகிரிலிருந்து குன்னூருக்கும் பஸ் இருக்குதுல்ல?" என்றாள் அம்மா.

அவன் அவளைப் பார்த்தான். தெய்வானையின் பெயரை அவள் சொல்லவில்லை.

"இருக்குதுங்க" என்றான்.

வாசல் வரைக்கும் போனான். அங்கே நின்றுவிட்டான். கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"அம்மா."

"என்னண்ணா?"

"பயம் போகலைங்கம்மா."

"கூடவே கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா, பீன்ஸ் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டே. "அதுக்கெல்லாம் டிக்கெட் கேக்க மாட்டாங்க."